பழைய டூ-இன்-ஒன்னில் ஆக்ஸ் சாக்கெட்: வால்யூம் கன்ட்ரோல் காலில் மூணு ஒயர் போதாதா?

தென்கரை | 04.06.2023, மாலை 6.20

ஜப்பான் மேக் ஸ்டீரியோ டூ-இன்-ஒன். எண்பதுகளில் துபாயிலிருந்து வந்தது. 8 பெரிய செல், எஃப்எம், எம்டபிள்யூ (மீடியம் வேவ்), எஸ்டபிள்யூ (ஷார்ட் வேவ்) இரண்டு, ஒரே கேசட். ரேடியோ நன்றாகவே பாடுகிறது. போனிலிருந்து பாட்டு கேட்க 3.5 மிமீ ஆக்ஸ் சாக்கெட் (வெளிப் பாட்டை ஒயரில் உள்ளே கொடுக்கிற வழி) வைக்கணும். யூடியூபில் எல்லாரும் வால்யூம் கன்ட்ரோல் காலில் மூணு ஒயரைப் பற்றவைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அது போதும் என்பது என் கட்சி. ரிப்பேர் கடையில் ‘ப்ளூடூத் போர்டு போட்டுக்குங்க’ என்கிறார்கள். எது சரி?

ஈயக்கம்பி | 04.06.2023, இரவு 9.05

மூணு ஒயரில் பாடும். கூடவே ரேடியோவும் பாடும்.

வால்யூம் கன்ட்ரோலின் மேல் கால், ரேடியோ/டேப் செலக்டர் ஸ்விட்ச் சிக்னலைக் கொண்டுவந்து விடுகிற இடம். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அதன் மேலேயே போனையும் கட்டினால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். போனின் ஹெட்போன் அவுட்புட் சில ஓம்தான், ரேடியோ பக்கம் சில ஆயிரம் ஓம். அதனால் போன் சொருகியிருக்கும்வரை ரேடியோ அமுங்கி முனகும், ஆனால் நிற்காது.

‘செலக்டரை டேப்பில் தள்ளி வைத்தால் போச்சு’ என்பார்கள். பெரும்பாலான டூ-இன்-ஒன்னில் டேப் நிலைதான் ஆஃப் நிலை. பிளே பட்டனை அமுக்கினால்தான் மெக்கானிசத்தில் உள்ள லீஃப் ஸ்விட்ச் மோட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரன்ட் விடும். போன் பாட்டுக்காகக் காலி டெக்கில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கணும். பெல்ட் தேயும், மோட்டார் இரைச்சல் வரும், செல் தீரும்.

சரியான வழி: ரேடியோ சிக்னல் வரும் பாதையை ஓரிடத்தில் பிரித்து, நடுவில் உள்-ஸ்விட்ச் உள்ள சாக்கெட்டை வைப்பது. பின்னைச் சொருகினால் ரேடியோ துண்டிக்கணும், பிடுங்கினால் தானாகச் சேரணும். போர்டு எதுவும் வாங்க வேண்டாம். பிரிக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, மற்றதெல்லாம் பத்துப் பதினைந்து பற்றவைப்பு.

ஈயக்கம்பி | 04.06.2023, இரவு 9.40

இன்னொன்று. ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் செட்டின் முதுகையும் பக்கங்களையும் பாருங்கள். பெரிய மாடல்களில் லைன்-இன் (வெளிப் பாட்டை வாங்கிக்கொள்ளும் சாக்கெட்) கம்பெனியே வைத்திருக்கும். ஜேவிசி ஆர்சி-எம்90, ஷார்ப் ஜிஎஃப்-777 இரண்டிலும் ஆர்சிஏ சாக்கெட் உண்டு. பக்கத்தில் லைன்/ஃபோனோ ஸ்விட்ச் இருந்தால் லைனில் இருக்கணும். ஃபோனோவில் (ரெக்கார்டு பிளேயருக்கானது) போனைக் கொடுத்தால் பாஸ் ஊதிக்கொண்டு பிளிறும்.

டயல்நூல் | 05.06.2023, காலை 7.15

ஐரோப்பிய செட்டாக இருந்தால் 5 பின் டின் சாக்கெட் இருக்கும். அதைப் பார்த்து லைன்-இன் என்று சந்தோஷப்பட வேண்டாம். டேப் ரெக்கார்டர் பக்க சாக்கெட்டில் 2-ம் பின் கிரவுண்ட், 1-ம் 4-ம் ரெக்கார்டிங் இன்புட், 3-ம் 5-ம் அவுட்புட். அந்த ரெக்கார்டிங் இன்புட் லைன் லெவலுக்குச் செய்ததல்ல. பழைய டின் கணக்கு ஒரு கிலோ ஓமுக்கு ஒரு மில்லிவோல்ட். போனை நேராகக் கொடுத்தால் கரகரவென்று கிழியும். ஒவ்வொரு சானலிலும் 470 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால்தான் அடங்கும். அதுவும் பல செட்டில் ரெக்கார்ட் அமுக்கியிருக்கும்போது மட்டும்தான் ஸ்பீக்கரில் கேட்கும். பாட்டு கேட்கிற வழி அது இல்லை.

கிரவுண்டு | 05.06.2023, காலை 8.02

யாரும் பாதுகாப்பைச் சொல்லவில்லை. செட்டின் உள் கிரவுண்ட் இனி போன் வழியாகக் கைக்கு வரப்போகிறது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்தானா என்று முதலில் உறுதி செய்யணும்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, செட்டின் பவர் ஸ்விட்சை ஆனில் வைத்து, மீட்டரை 2 மெக் (மெகா ஓம்) ரேஞ்சில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளக்கவும். இரண்டிலும் மீட்டர் ‘1’ காட்டணும், அதாவது தொடர்பே இருக்கக் கூடாது. ஏதாவது மதிப்பு காட்டினால் அந்த செட்டில் ஆக்ஸ் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய வால்வு ஏசி/டிசி ரேடியோக்களில் சேஸிஸே மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். அதில் ஹெட்போன் சாக்கெட் வைப்பது ஆளைக் கொல்லும்.

செட் பாஸானாலும் வேலை முழுவதையும் பேட்டரியில் செய்யவும். 8 செல் என்றால் 12 வோல்ட், கை பட்டாலும் ஒன்றுமில்லை. மெயின்ஸ் கார்டு மேசை மேலேயே இருக்க வேண்டாம்.

வளைகுடா செட் என்கிறீர்கள், முதுகில் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். சவூதியில் 127 வோல்ட்டும் ஓடியது, அதனால் அங்கிருந்து வந்த செட்களில் செலக்டர் குறைந்த வோல்ட்டில் நிற்பதைப் பார்க்கலாம். 220 அல்லது 240-ல் வைத்து, அசையாமல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

தென்கரை | 07.06.2023, இரவு 10.30

மீட்டர் ‘1’ காட்டியது, இரண்டு பின்னிலும். செலக்டர் 220-ல்தான் இருக்கிறது. முதுகில் 6 ஸ்க்ரூ கழற்றினேன், ஒரு பக்கம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நெம்பலாமா?

டயல்நூல் | 07.06.2023, இரவு 10.41

நெம்பாதீங்க. 35 வருஷ பிளாஸ்டிக், தூண் முறிஞ்சா ஸ்க்ரூ பிடிக்க இடமே இருக்காது. மிச்ச ஸ்க்ரூ மூணு இடத்தில் ஒளிஞ்சிருக்கும்: செல் போடுற குழிக்குள்ள, கைப்பிடி மூட்டுக்கு அடியில, ஏரியல் படுக்கிற பள்ளத்தில. முதுகில் ஸ்க்ரூ பக்கத்தில் அம்புக்குறி போட்டிருந்தா அது மட்டும்தான் பாடியைப் பிடிக்கிற ஸ்க்ரூ, மத்தது உள்ளே டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிச்சிருக்கும்.

ஜப்பான் ஸ்க்ரூவின் கூட்டல் குறி நம்ம ஊர் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியா உட்காராது. அழுத்தித் திருகாம விட்டா நழுவித் தலை மழுங்கிடும். திரும்பப் போடும்போது முதல்ல இடது பக்கம் திருப்புங்க. ‘டக்’னு பழைய மரையில் விழும், அதுக்கப்புறம் வலது பக்கம். இல்லைன்னா ஸ்க்ரூ புது மரை வெட்டும், பிளாஸ்டிக் வெடிக்கும்.

இரண்டு பாதியும் பிரிஞ்சதும் இழுக்காதீங்க. ஸ்பீக்கர் ஒயர், ஏரியல் ஒயர், செல் குழி ஒயர் மூணும் குறுக்கே இருக்கும். போட்டோ எடுத்துட்டுக் கழற்றுங்க. டியூனிங் நூலைத் தொட்டா என்னைத் திட்டக் கூடாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாப் போகும்.

தென்கரை | 09.06.2023, இரவு 9.15

ஏரியல் பள்ளத்தில்தான் இருந்தது. திறந்தாச்சு. பழுப்பு நிறப் போர்டு இரண்டு. வால்யூம் கன்ட்ரோல் 6 கால், மேலே ‘50 கே ஏ’ என்று அச்சடித்திருக்கிறது. ஈக்வலைசர் 5 தள்ளு கன்ட்ரோல். செலக்டர் ஸ்விட்ச் நீளமாக, நிறைய காலோடு இருக்கிறது. இதில் எங்கே?

ஈயக்கம்பி | 09.06.2023, இரவு 11.20

6 கால், 50 கே என்றால் நல்ல செய்தி: பாட்டு அந்தக் கன்ட்ரோல் வழியாகவே போகிறது. 3 கால் மட்டும் இருந்திருந்தால் சந்தேகப்படணும். பிந்தைய செட் சிலவற்றில் வால்யூம் கன்ட்ரோலில் வெறும் டிசி வோல்டேஜ் மட்டும் ஓடும், சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது ஐசி. அந்தக் காலில் போனைக் கொடுத்தால் பாட்டு வராது, வால்யூம் குதிக்கும்.

முதலில் ஒரு சோதனை ஒயர் செய்யுங்கள். பழைய இயர்போன் ஒயரை வெட்டி, இடது சானலோடு 10 கே ரெசிஸ்டர், அதன் நுனியில் 1 மைக்ரோ (மைக்ரோ ஃபாரட்) கண்டென்சர். கிரவுண்ட் ஒயரில் முதலைக் கிளிப், அது பேட்டரி மைனஸில். போனில் ஏதாவது பாட்டு ஓடட்டும், செட் ரேடியோவில், வால்யூம் கால் பங்கு. கண்டென்சர் நுனியால் ஒவ்வொரு காலாகத் தொடுங்கள்.

வால்யூம் கன்ட்ரோலில் ஆரம்பிக்கவும். ஒரு சானலுக்கான மூன்று காலில் ஒன்று கிரவுண்ட், பேட்டரி மைனஸோடு மீட்டர் பீப் அடிக்கும் (சில செட்டில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக வரும், பீப் இல்லாமல் சில ஓம் காட்டும்). மற்ற இரண்டில், குமிழைத் திருப்பும்போது கிரவுண்டுக்கான ஓம் பூஜ்யம்வரை இறங்குவது நடுக்கால். அதிகம் மாறாதது மேல் கால், அதுதான் வேண்டும். மீட்டர் வைக்கும்போது செட் ஆஃப்.

மேல் காலில் பாட்டு வந்ததும் அங்கேயே நிற்காமல், அந்தத் தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு செலக்டர் வரை போங்கள். செலக்டரின் பொதுக் கால், பக்கத்தில் ரேடியோ கால், இன்னொரு பக்கம் டேப் கால். ரேடியோ காலிலிருந்து மேலும் பின்னால் போனால் இடது, வலது இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு ஜோடி சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் வரும். 1 மைக்ரோவோ 4.7 மைக்ரோவோ இருக்கும். ஸ்டீரியோ டிகோடர் ஐசியின் (எஃப்எம்மை இடது, வலதாகப் பிரிப்பது) அவுட்புட்டை செலக்டருக்குக் கொடுப்பது அதுதான். அந்த ஜோடிதான் நம் இடம்.

தென்கரை | 10.06.2023, மாலை 5.50

ஜோடி கிடைத்தது. 2.2 மைக்ரோ 50 வோல்ட், நீல நிறம். ப்ளஸ் கால் ஐசி பக்கம், மைனஸ் கால் செலக்டர் பக்கம். தடத்தை பிளேடால் கீறி வெட்டவா?

ஈயக்கம்பி | 10.06.2023, இரவு 8.30

வெட்டாதீங்க. கண்டென்சரின் மைனஸ் காலை மட்டும் தூக்குங்கள், நாளைக்கே வேண்டாம் என்றால் திரும்ப உட்கார வைக்கலாம்.

இந்தப் பழுப்புப் போர்டில் சூடு அதிகமானால் செம்புத் தடம் தோல் மாதிரி உரிந்து வரும். 25 வாட் அயர்ன், 60/40 ஈயம். பழைய பற்று மங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும், அது நேரடியாக உருகாது. அதன் மேல் கொஞ்சம் புது ஈயம் விட்டால் இரண்டும் கலந்து பளபளவென்று உருகும், அப்போது பம்பால் உறிஞ்சணும். இரண்டு மூன்று வினாடிக்குள் வராவிட்டால் அயர்னை எடுத்து ஆறவிட்டு மறுபடி வையுங்கள். கால் மடித்துப் பற்றவைத்திருக்கும். உருகி இருக்கும்போதே நிமிர்த்தணும். ஆறின பிறகு இழுத்தால் தடத்தோடு வரும்.

இப்போது நான்கு புள்ளி இருக்கும்: தூக்கிய கால் இரண்டு (ரேடியோவிலிருந்து வருவது), காலியான ஓட்டை இரண்டு (செலக்டருக்குப் போவது). சாக்கெட் 5 கால் உள்ளதாக வாங்குங்கள்: கிரவுண்ட், இடது, இடது ஸ்விட்ச், வலது, வலது ஸ்விட்ச். சென்னை ரிச்சி தெருவில் ‘3.5 ஸ்டீரியோ, ஸ்விட்ச் உள்ளது, பேனல் டைப்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். 3 கால் சாக்கெட்டைத் தலையில் கட்டுவார்கள், எண்ணிப் பார்த்து வாங்கவும்.

தூக்கிய கால் → ஸ்விட்ச் கால். ஓட்டை → சானல் கால். பின் இல்லாதபோது ஸ்விட்ச் காலும் சானல் காலும் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கும், ரேடியோ கடந்து போகும். பின் நுழைந்தால் பிரியும். எந்தக் கால் எதோடு தொடுகிறது என்பதைப் பற்றவைக்கும் முன் மீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள், சாக்கெட்டுக்குச் சாக்கெட் அடுக்கு மாறும்.

போன் லெவல் அதிகம். 10 கே தொடர், 2.2 கே கிரவுண்டுக்கு, ஒவ்வொரு சானலிலும். 1 வோல்ட் கொடுத்தால் சுமார் 180 மில்லிவோல்ட் ஆகும், டிகோடர் கொடுப்பதற்குப் பக்கத்தில் வரும்.

கிரவுண்டு | 10.06.2023, இரவு 9.10

அந்த 10 கே, 2.2 கே எங்கே உட்காரும்? ஸ்விட்ச் சாக்கெட் போட்டால் சானல் காலும் ரேடியோ போகிற பாதைதான். அதற்கும் ஓட்டைக்கும் இடையில் ரெசிஸ்டர் போட்டால் ரேடியோவும் அதே கணக்கில் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். போனைப் பிடுங்கினாலும் ரேடியோ மெலிசாகவே கேட்கும். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ரெசிஸ்டர்களை செட்டுக்குள் வைக்காமல் கேபிளில் வைப்பது. இரண்டு பக்கமும் பின் உள்ள கேபிளின் செட் பக்கப் பின்னைத் திறந்து அதன் மூடிக்குள்ளேயே நான்கு கால்-வாட் ரெசிஸ்டரை அடக்கலாம். இடம் போதாவிட்டால் ஒயர் நடுவில் வெட்டி ஹீட் ஷ்ரிங்க் போடவும். குறை என்னவென்றால் வேறு கேபிள் சொருகினால் லெவல் எகிறும்.

இரண்டு, உள்-ஸ்விட்சை விட்டுவிட்டு 6 கால் ஸ்லைடு ஸ்விட்ச் தனியாகப் போடுவது. நடுக்கால் இரண்டும் ஓட்டைகளுக்கு, ஒரு பக்கம் தூக்கிய கால்கள், மறுபக்கம் சாக்கெட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாக வருபவை. இதில் ரெசிஸ்டர் போன் பாதையில் மட்டும் இருக்கும், 3 கால் சாக்கெட்டே போதும்.

ஈயக்கம்பி | 10.06.2023, இரவு 9.32

ஆமாம், ஸ்விட்ச் சாக்கெட் என்றால் ரெசிஸ்டர் கேபிளில்தான். நான் கேபிள் கட்சி. செட்டில் இன்னொரு ஓட்டை போடணும் என்றாலே கை வருவதில்லை. ஸ்லைடு ஸ்விட்சைச் செல் குழிக்குள் ஒளித்து வைக்கலாம் என்றால் அதற்கும் சம்மதம்.

டயல்நூல் | 11.06.2023, காலை 6.55

ரெசிஸ்டரே இல்லாம போன் வால்யூமைக் குறைச்சு வெச்சுக்கலாமே? இவ்வளவுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரே வாங்கியிருக்கலாம்னு ஒருத்தன் சீக்கிரம் வந்து எழுதுவான், பாருங்க.

கிரவுண்டு | 11.06.2023, காலை 7.40

குறைக்கலாம், பாடும். ஆனால் ஒரு நாள் போன் முழு வால்யூமில் இருக்கும், யாராவது சொருகுவார்கள். 1 வோல்ட் போய் ஈக்வலைசரின் முதல் டிரான்சிஸ்டரில் மோதும். வால்யூம் கன்ட்ரோல் அதற்குப் பின்னால் இருந்தால் குமிழைக் குறைத்தும் பிரயோஜனமில்லை, மெதுவாகக் கிழிந்த சத்தம் வரும். இவருடைய செட்டில் ஈக்வலைசர் முன்னாலா பின்னாலா என்று தெரியாதவரை ரெசிஸ்டர் இருக்கட்டும்.

போன் லெவலை அளக்கலாம் என்று மஞ்சள் நிற மலிவு மீட்டரை எடுக்காதீர்கள். அதில் ஏசி ரேஞ்ச் 200-ல்தான் தொடங்கும், அரை வோல்ட்டெல்லாம் அதற்குத் தூசி. ரேடியோவில் ஒரு ஸ்டேஷனை வைத்து, குமிழைத் தொடாமல் போனைச் சொருகிக் காதால் ஒப்பிட்டாலே போதும்.

தென்கரை | 11.06.2023, இரவு 8.25

ஸ்விட்ச் சாக்கெட் வாங்கிவிட்டேன். எங்கே ஓட்டை போடுவது? மைக் சாக்கெட் இரண்டு இருக்கிறது, யாரும் மைக் சொருகப்போவதில்லை. அதிலேயே கொடுத்தால் என்ன?

ஈயக்கம்பி | 11.06.2023, இரவு 9.50

மைக் சாக்கெட்டுக்கு இப்போது இருக்கும் ஒயரிங்கில் கொடுத்தால் மைக் பிரி-ஆம்பில் போகும், அது சில மில்லிவோல்ட்டுக்கானது. பெரும்பாலும் ரெக்கார்டில் மட்டும் வேலை செய்யும். ஆனால் அந்த ஓட்டை நல்ல ஓட்டை. பழைய சாக்கெட்டைக் கழற்றி அதே இடத்தில் புதியதை வைக்கலாம். ஒன்று கவனம்: மைக் சாக்கெட்டின் உள்-ஸ்விட்ச் வழியாகத்தான் செட்டின் உள் மைக் இணைப்பு போகும். பழையதைக் கழற்றும்போது அந்த இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துவிடணும். இல்லாவிட்டால் உள் மைக்கில் ரெக்கார்டிங் நின்றுவிடும்.

புது ஓட்டை என்றால் 6 மிமீ, பின்பக்க மூடியில். 2 மிமீ-ல் தொடங்கிக் கையால் டிரில் பிட்டைத் திருகியே பெரிதாக்கவும். மெஷினில் போட்டால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் சுற்றும், கடைசிச் சுற்றில் பேனல் கீறல் விடும். உள்ளே சாக்கெட்டின் முதுகு கேசட் மெக்கானிசத்திலோ ஸ்பீக்கர் காந்தத்திலோ இடிக்காத இடமா என்று மூடியை மாட்டிப் பார்த்துவிட்டுக் குறியிடுங்கள்.

கிரவுண்டு | 12.06.2023, காலை 7.20

ஒயரிங் பற்றி. ஷீல்டு ஒயர், இரண்டு கோர் உள்ளது, இரண்டு துண்டு. ஒன்று ரேடியோவைச் சாக்கெட்டுக்குக் கொண்டுபோக, இன்னொன்று சாக்கெட்டிலிருந்து திரும்பிவர. ஒரே உறையில் நான்கு கோரையும் விட்டால் போன் பாடும்போது ரேடியோ மெலிதாகக் கசிந்து வரும்.

கிரவுண்டை வால்யூம் கன்ட்ரோலின் கிரவுண்ட் காலில் எடுக்கவும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கிடைக்கிற ஏதோ ஒரு தகரத்தில் எடுத்தால் ‘ம்ம்ம்’ என்று 100 ஹெர்ட்ஸ் உறுமல் இலவசம். ஸ்பீக்கர் மைனஸில் எடுக்கவே கூடாது. எல்ஏ4440 மாதிரி ஆம்ப்ளிஃபயர் ஐசியைப் பிரிட்ஜாகப் போட்ட செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் சிக்னல் முனைகள், எதுவும் கிரவுண்ட் அல்ல, அதில் போன் கிரவுண்டைக் கட்டினால் ஐசி போகும்.

திரும்பிவரும் துண்டின் ஷீல்டு மட்டும் இரண்டு முனையிலும் சேரட்டும், அதுதான் சாக்கெட்டுக்கான கிரவுண்ட். மற்றதன் ஷீல்டைப் போர்டு பக்கம் மட்டும் பற்றவைத்து, சாக்கெட் பக்கம் வெட்டி டேப் சுற்றவும். சாக்கெட் உடம்பு பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. உலோகச் சாக்கெட் உலோக முகப்பில் தொட்டால் இன்னொரு கிரவுண்ட் வழி உருவாகும்.

இரண்டு சானல் காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 100 கே ஒவ்வொன்று. சொருகும்போது வரும் ‘டப்’ குறையும்.

ஈயக்கம்பி | 12.06.2023, இரவு 10.05

தொடர் கண்டென்சர் பற்றி யாராவது கேட்பார்கள். இவருடைய செட்டில் 2.2 மைக்ரோவுக்குப் பின்னால் எடுக்கிறோம், ரேடியோ பக்க டிசி அங்கேயே தடுக்கப்பட்டுவிட்டது. ஓட்டைப் பக்கம் டிசி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்: செட் ஆன், மீட்டர் டிசி 20 வோல்ட். பூஜ்யம் என்றால் எதுவும் வேண்டாம். ஒரு வோல்ட்டோ இரண்டோ இருந்தால் சாக்கெட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவில் 4.7 மைக்ரோ, ப்ளஸ் ஓட்டைப் பக்கம். 10 கே சுமைக்கு 1 மைக்ரோவே 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், 4.7 தாராளம். 0.1 போட்டால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் காணாமல் போகும். கையில் கிடைப்பதை எடுத்துப் போடாதீர்கள்.

ஐசி காலிலேயே போய் ஒட்டுகிறவர்களும் உண்டு. அங்கே டி-எம்ஃபசிஸ் (எஃப்எம் ஒலிபரப்பில் தூக்கிவிட்ட டிரெபிளைத் திரும்ப இறக்குவது) கண்டென்சர் கிரவுண்டுக்குப் போகும், எஃப்எம்முக்கு வேண்டிய 50 மைக்ரோ வினாடிக் கணக்கு. தொடர் ரெசிஸ்டரோடு போனை அங்கே சேர்த்தால் டிரெபிளை அந்தக் கண்டென்சர் தின்னும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வரும்.

பெயரிலி | 13.06.2023, பகல் 1.10

டேப் ஹெட் ஒயரில் கொடுத்தால் ரெண்டே பற்றவைப்பு. எதுக்கு இவ்வளவு?

டயல்நூல் | 13.06.2023, பகல் 1.25

ஹெட் கொடுக்கறது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழ. போன் கொடுக்கறதை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழ இறக்கணும். இறக்கினாலும் அந்த பிரி-ஆம்ப் கேசட்டுக்கான ஈக்வலைசேஷன் போட்டது, 1.3 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழ போகப் போகத் தூக்கிக்கொண்டே வரும். வெறும் பாஸ்தான் கேட்கும். பிளே பட்டனும் அமுக்கி இருக்கணும். உறுமலும் சேர்த்துப் பெருக்கும். ரெண்டு பற்றவைப்புக்கு இவ்வளவு லாபம்.

செட்டைத் திறக்கவே மனசு வராதவங்களுக்கு கேசட் அடாப்டர் இருக்கு, அதில் ஹெட்டுக்கு எதிரா இன்னொரு ஹெட், கணக்கெல்லாம் சரியா வரும். ஹெட்டைத் துடைச்சுட்டு, டேப் வகை நார்மல், டால்பி (இரைச்சல் குறைப்பு) இருந்தா ஆஃப். ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் மட்டும் திரும்பித் திரும்பி உயிரை வாங்கும்.

தென்கரை | 17.06.2023, இரவு 11.15

பாடுகிறது! பழைய இளையராஜா பாட்டு அந்த ஸ்பீக்கரில் கேட்க வேறு மாதிரி இருக்கிறது. மூன்று குறை.
1. ரொம்ப மெதுவாக வைத்தால் பின்னால் எஃப்எம் ‘ஸ்ஸ்’ என்று கேட்கிறது.
2. மெயின்ஸில் செட்டும் சார்ஜரில் போனும் இருந்தால் உறுமல். போன் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது.
3. வலது ஸ்பீக்கர் வருகிறது, போகிறது.

கிரவுண்டு | 18.06.2023, காலை 8.00

1. பேண்டை எஃப்எம்மிலிருந்து எம்டபிள்யூவுக்கு மாற்றி முள்ளை ஸ்டேஷன் இல்லாத ஓரத்துக்குத் தள்ளவும். எஃப்எம்மில் ஸ்டேஷன் இல்லாத இடம்தான் அதிகமாக இரையும், மீடியம் வேவில் அது அமைதியாக இருக்கும். பகலில் செய்தால் இன்னும் நல்லது, இரவில் தூர ஸ்டேஷன்கள் வந்து உட்காரும்.

2. சார்ஜரில் உள்ள சின்ன ஒய் கண்டென்சர் வழியாக மெயின்ஸ் கசிவு போன் கிரவுண்டுக்கு வருகிறது, கேபிள் வழியாக செட்டுக்குள் இறங்குகிறது. 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு உள்ள கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கார் ஆடியோ கடையில் கிடைக்கும், கேபிள் நடுவில் சொருகினால் நிற்கும். மலிவானதில் பாஸ் கொஞ்சம் குறையும். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் செட்டைச் செல்லில் ஓட்டவும் அல்லது சார்ஜ் ஏற்றிவிட்டுக் கேட்கவும்.

ஈயக்கம்பி | 18.06.2023, காலை 9.30

3-க்கு முதலில் ஒரு கேள்வி: போனைப் பிடுங்கிவிட்டு ரேடியோ கேட்டால் வலது விடாமல் வருகிறதா?

தென்கரை | 18.06.2023, காலை 9.52

ரேடியோவிலும் சில சமயம் போகிறது. செலக்டரை இரண்டு முறை ஆட்டினால் வந்துவிடுகிறது. போனில் மட்டும் இன்னும் அதிகமாகப் போகிறது.

ஈயக்கம்பி | 18.06.2023, காலை 10.20

அப்போ இரண்டு நோய். ஒன்று செலக்டரும் ரெக்கார்ட்/பிளே ஸ்லைடு ஸ்விட்சும் கறுத்திருக்கின்றன. வெள்ளி பூசிய தொடுமுனை இத்தனை வருஷத்தில் கறுக்கும். சிஆர்சி 2-26 அல்லது எலக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனர், ஸ்விட்சின் ஓரத் துளையில் ஒரு சொட்டு, பிறகு 30 தடவை முன்னும் பின்னும். ரெக்கார்ட் ஸ்விட்சை ஆட்ட ரெக்கார்ட் பட்டனை அமுக்கணும், கேசட் இல்லாவிட்டால் பூட்டிக்கொள்ளும். டெக்கின் பின் இடது மூலையில் உள்ள சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் இறங்கும். ஸ்ப்ரே பெல்ட்டில் படக் கூடாது. டபிள்யூடி-40 வேண்டாம், அதன் எண்ணெய் தங்கித் தூசி பிடிக்கும்.

இரண்டாவது நோய் சாக்கெட்டில். எத்தனை மிமீ பேனல்?

தென்கரை | 18.06.2023, மாலை 6.40

ஸ்விட்ச் கழுவினதும் ரேடியோ சுத்தமாகிவிட்டது. போனில் வலது இன்னும் போகிறது. பேனல் 3 மிமீக்கு மேல். நட்டு இரண்டு மரைதான் பிடித்தது.

இடையில் ப்ளூடூத் போர்டைப் பற்றியும் சொல்லுங்கள், மகனுக்கு அதுதான் வேண்டுமாம்.

கிரவுண்டு | 18.06.2023, இரவு 8.15

ப்ளூடூத் வைத்தாலும் இதே நான்கு புள்ளிதான், போன் இருக்கிற இடத்தில் போர்டு. தகராறு கரன்ட்டில். செட்டின் 12 வோல்ட்டை 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) மூலம் 5 ஆக்கிக் கொடுத்தால் 100 மில்லி ஆம்பியருக்கு 0.7 வாட் சூடு, சின்ன ஹீட் சிங்க் போதும். ஆனால் போர்டின் கரன்ட் கிரவுண்டும் பாட்டின் கிரவுண்டும் ஒன்றாகிவிடுவதால் ‘டிக் டிக்... கீஈஈ’ என்று பாட்டுக்குப் பின்னால் கேட்கும். பி0505எஸ்-1டபிள்யூ என்ற தனிமைப்படுத்தும் டிசி கன்வெர்ட்டர் நடுவில் வைத்தால் போய்விடும். பாட்டு கிரவுண்ட் ஷீல்டு வழியாக மட்டும் சேரணும், கரன்ட் பக்கம் சேரக் கூடாது. அந்த கன்வெர்ட்டர் மீடியம் வேவில் இரையும், அதனால் ரேடியோ கேட்கும்போது அதற்குக் கரன்ட் போகாதபடி தனி ஸ்விட்ச்.

ஸ்பீக்கர் நேராகக் கட்டுகிற ஆம்ப்ளிஃபயர் உள்ள ப்ளூடூத் போர்டை வாங்க வேண்டாம். அதன் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல.

ஈயக்கம்பி | 18.06.2023, இரவு 8.50

சாக்கெட்டுக்கு வருவோம். 3.5 மிமீ பின்னின் நுனி இடது, நடு வளையம் வலது. பின் அரை மிமீ வெளியே நின்றாலும் வளையம் வலது தகட்டின் விளிம்பில்தான் உட்காரும், ஒயர் ஆடினால் விலகும். பேனல் தடிமனாக இருப்பதால் சாக்கெட் உள்ளே ஆழத்தில் நிற்கிறது, உங்கள் கேபிளின் பின் மூடி பேனலில் முட்டிக்கொண்டு முழுசாக நுழையவில்லை.

முதலில் மூடி மெலிந்த இன்னொரு கேபிளைச் சொருகிப் பாருங்கள், போன் வால்யூமைக் குறைத்துக்கொண்டு. வலது விடாமல் வந்தால் காரணம் அதுதான். மூடியைப் பிளேடால் 1 மிமீ சீவினாலே சரியாகலாம். இல்லாவிட்டால் பேனலின் உள்பக்கம் ஓட்டையைச் சுற்றி 10 மிமீ அகலத்துக்குச் சுரண்டி 2 மிமீ தடிமன் மீதி வையுங்கள், சாக்கெட் முன்னால் வரும், நட்டுக்கும் இன்னும் இரண்டு மரை கிடைக்கும். சுரண்டின பிளாஸ்டிக் தூளை மூடியை மாட்டும் முன் ஊதிவிடுங்கள், ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டாது ஆனால் ஸ்லைடு ஸ்விட்சுக்குள் போகும்.

டயல்நூல் | 19.06.2023, காலை 6.30

மூடியை மாட்டறதுக்கு முன்னாடி: செலக்டர் ரேடியோவில், போன் சொருகி, ரெக்கார்ட் அமுக்கினா பாட்டு கேசட்டிலும் ஏறும். ரேடியோ பாதையில் வெச்சதோட கொசுறு அது. லெவல் பார்க்க வேண்டாம், ஏஎல்சி (ரெக்கார்டிங் லெவலைத் தானா சரிசெய்யற சர்க்யூட்) அதுவே பிடிச்சுக்கும். எம்டபிள்யூவில் இருந்தா பீட் கட் ஸ்விட்சை (ஏஎம் ரெக்கார்டிங்கில் வர்ற விசிலை நீக்கறது) தொட வேண்டியதில்லை, ரேடியோதான் துண்டிச்சிருக்கே. பெல்ட் மட்டும் தொட்டுப் பாருங்க. விரலில் கறுப்பா ஒட்டினா தாரா உருகிட்டிருக்குன்னு அர்த்தம், திறந்த கையோட மாத்திடுங்க. நூல் வெச்சு பழைய பெல்ட் போற வழியை அளந்து, 5 சதவீதம் குறைச்ச நீளத்தில் வாங்கணும்.